டீசலில் எத்தனால்: மேலேயா, கீழேயா?

பாலக்கோட்டு பம்ப்காரன்:
"பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வந்தாச்சு, கரும்புல எடுக்குற அதை டீசல்லயும் அப்படியே ஊத்தினா நம்ம பாலக்கோடு கரும்புக்கு விலை கிடைக்கும்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு. இன்ஜினுக்கு டீசலை அமுக்கித் தள்ளுற பம்ப்பைப் பிரிச்சுப் பாத்திருக்காரா அவரு? உள்ள ஓடுற டீசல்தான் பம்ப்புக்கே எண்ணெய். ஸ்பிரிட்டுக்கு, அதான் எத்தனாலுக்கு, அந்த வழவழப்பு ஏது? உள்ள டீசலைத் தள்ளுற எலிமெண்ட் தேஞ்சே போயிடும். அதை விடுங்க, ரெண்டும் ஒட்டவே ஒட்டாது. கடையில பாட்டில்ல கலக்கி வெச்சேன். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஸ்பிரிட் அடியில தங்கிடுச்சு.

ஓசூர் குளிர்:
அடியிலயா? அடர்த்தி எத்தனாலுக்கு 0.79, டீசலுக்கு 0.83. லேசானது மேலதானே நிக்கும்?

பாலக்கோட்டு பம்ப்காரன்:
பாடம் எடுக்காத தம்பி. அடியிலதான். கண்ணால பாத்தேன்.

ஓசூர் குளிர்:
நானும் காலேஜ் லேப்ல பாத்தேன்ணா. 95 சதவீத ஸ்பிரிட், மேலதான் நின்னுச்சு. தண்ணியே இல்லாத எத்தனால் நல்லாவே கலந்துச்சு, டிசம்பர் விடிகாலையில வெளிய வெச்சப்பதான் கலங்குச்சு. நிஜமான சிக்கல் சீட்டேன் எண், அதாவது அமுக்கினா எவ்வளவு சுலபமா பத்திக்கும்ங்கிற அளவு. டீசலுக்கு 51, எத்தனாலுக்கு 8 தேறினா பெருசு. அமுக்கினா தானா பத்திக்காது.

தொப்பூர் லாரி:
அப்புறம் ஸ்டாக்ஹோம்ல 95 சதவீத எத்தனால்ல பஸ் எப்படி ஓடுச்சு? 2014ல நாக்பூர்லயும் விட்டாங்களே?

ஓசூர் குளிர்:
அதுல டீசலே கிடையாது. கம்ப்ரஷனை, அதான் உள்ள காத்தை அமுக்குற அளவை, 28 மடங்குக்கு ஏத்தி, பத்திக்க மருந்தும் சேர்த்த தனி இன்ஜின்.

பாலக்கோட்டு பம்ப்காரன்:
பாத்தீங்களா, பதில் சொல்ல முடியலன்னா ஸ்டாக்ஹோம் போயிடுவாங்க. அடியில தங்குச்சா இல்லையா?

தொப்பூர் லாரி:
ஸ்டாக்ஹோம் போனது நான். நீங்க கட்டிக் குடுத்த பம்ப்தான் சேலத்துலருந்து தொப்பூர் ஏத்தம்கூட ஏறல.

பாலக்கோட்டு பம்ப்காரன்:
கிரானைட் கல்லை அளவில்லாம ஏத்தினா பம்ப் என்னய்யா பண்ணும்?

மாந்தோப்பு:
சண்டை இருக்கட்டும்ணா. பாட்டில்ல ஊத்தினது என்ன ஸ்பிரிட்?

பாலக்கோட்டு பம்ப்காரன்:
கொரோனாவுல வாங்கின சானிடைசர். அதுவும் ஆல்கஹால்தானே!

ஓசூர் குளிர்:
அண்ணா! அதுல எவ்வளவு தண்ணி இருக்கு தெரியுமா? அந்தக் கனத்துலதான் இறங்கியிருக்கு!

பாலக்கோட்டு பம்ப்காரன்:
தண்ணியோ தீர்த்தமோ, அடியிலதானே? இப்ப ஒத்துக்கிட்டியா? பாட்டில் இன்னும் கடை அலமாரியிலயே இருக்கு, வந்து பாரு.

ஓசூர் குளிர்:
வர்றேன், என் பாட்டிலோட. மேலதான் நிக்கும்.

பாலக்கோட்டு பம்ப்காரன்:
வா வா. வர்ற வழியில தொப்பூர்க்காரர்கிட்ட பம்ப் பாக்கி 800 ரூபாயையும் வாங்கிட்டு வா.