சிம்ஸ் பூங்காவில் குழந்தையைத் தூக்கியது யார்? நாலு பிள்ளை பெத்தவளின் பதில்

அரவேணு அம்மா:
பழக் கண்காட்சிக் கூட்டம் பத்தின இழையில ‘பழைய கிளார்க்’ ஐயா எழுதினதை அப்படியே இங்க ஒட்டுறேன்.

“நேற்று குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு குடும்பம். நாலு பிள்ளைகள். ஒரு வயதுக் குழந்தையைப் பத்து வயதுப் பெண் இடுப்பில் சுமந்து குளம் வரைக்கும் இறங்குகிறாள். பெற்றவள் கையை வீசிக்கொண்டு பின்னால் வருகிறாள். படித்தவர்கள் இந்தக் காலத்தில் நாலும் ஐந்தும் ஏன் பெற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூத்த பெண் தலையில் கட்டிவிடலாம் என்ற தைரியம்.”

அந்தப் பெத்தவ நான்தான். என் பொண்ணு தம்பியைத் தூக்கினது டிக்கெட் கவுண்டர்லேருந்து முதல் படிக்கட்டு வரைக்கும். பர்ஸைப் பையில போட்டுட்டு நான் வாங்கிக்கிட்டேன். குளம் வரைக்கும் அவன் இறங்கினது என் இடுப்புல.

இனி ஏன் நாலுன்னு சொல்றேன். என் வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளை. மாமனாருக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, பனிமூட்டத்துல ஆம்புலன்ஸ் பின்னாடியே தனியா கோயமுத்தூர் இறங்கினார். கையெழுத்துப் போட அவர், மருந்துக்கு ஓட அவர், அத்தையைத் தேத்தவும் அவர். நான் ஹட்டியில, அதான் எங்க படுகர் ஊர்ல, அஞ்சு பேரோட பிறந்தவ. எங்க அப்பா படுக்கையில விழுந்தப்ப முறை போட்டுப் பார்த்துக்கிட்டோம். ராத்திரி யாராவது ஒருத்தர் தூங்க முடிஞ்சது. இந்த ரெண்டையும் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணினோம். மூணாவதும் நாலாவதும் ஆசைப்பட்டுப் பெத்தது. 2020க்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. சொந்த வீடு, பின்னாடி கேரட்டும் பீன்ஸும். கோயமுத்தூர்ல வாடகை வீட்டுல இருந்திருந்தா ரெண்டோட நிறுத்தியிருப்போம்.

பழைய கிளார்க்:
அம்மா, நான் படகுத் துறை அருகே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் குழந்தையோடு குளத்துக்கு வந்ததைப் பார்த்தேன். முதல் படிக்கட்டு என் இருக்கையிலிருந்து தெரியவே தெரியாது. ஆகவே நான் பார்த்தது குளத்தைத்தான்.

பிள்ளைக் கணக்கு பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1971ல் உபாசி, அதாவது தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம், இந்த நீலகிரித் தோட்டங்களில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கொழுந்து பறிக்கும் பெண் பேரில் மாதம் 5 ரூபாய் சேமிப்பில் ஏறும். பிள்ளை எண்ணிக்கை கூடினால் அதில் வெட்டு விழும். வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கைக்கு வரும். உலகமே திரும்பிப் பார்த்த திட்டம். அந்தப் பேரேட்டை என் கையால் எழுதியிருக்கிறேன். நாம் இருவர் நமக்கு இருவர் என்று ஃபேக்டரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் வரைய வைத்த தலைமுறை நாங்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகள் இன்று நர்ஸ், டீச்சர், பேங்க் ஆபீசர். நீங்கள் வந்து எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுகிறீர்கள்.

கூடலூர் பேரன்:
கிளார்க் ஐயா, ஒரு பொம்பளையோட வயித்துக்கு மாசம் அஞ்சு ரூபா விலை போட்டதை இவ்வளவு பெருமையாச் சொல்றீங்களே!

எங்க அப்பாயி 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையிலேருந்து கப்பல் ஏறி வந்தவங்க. டேன்டீங்கற அரசுத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. ஏழு பிள்ளை. லைன் வீட்டுல ஒத்தை அறை. ஆனா பிள்ளைக்காம்பரா இருந்துச்சு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்கள் வேலை செய்ற தோட்டத்துல பிள்ளைகளைப் பார்த்துக்க இடமும் ஆயாவும் வைக்கணும்னு இருந்துச்சு. அதனால அப்பாயி மலைக்குப் போனா கைக்குழந்தையை ஆயா பார்த்தாங்க. அரவேணு அக்கா வீட்டுல கம்ப்யூட்டர் முன்னாடி மீட்டிங்ல இருக்கறப்ப யாரு பார்க்கறது? அதைச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு சந்தேகம். எத்தனை பிள்ளைன்னா பெரிய குடும்பம்? எங்க லைன்ல நாலுன்னா சின்னக் குடும்பம்னு சொல்வாங்க.

அரவேணு அம்மா:
மீட்டிங் நேரத்துல என் அத்தை பார்த்துக்கறாங்க. மகன் ஒருத்தனை மட்டும் வளர்த்தவங்க, இப்போ நாலு பேரப்பிள்ளைகளோட இருக்காங்க. என் பொண்ணு பார்க்கல.

கிளார்க் ஐயா, குளத்துக்கிட்ட நீங்க பார்த்தது வேற பொண்ணா இருக்கும். கண்காட்சி நாள்ல அங்க எத்தனை ஆயிரம் பேர்! என் பொண்ணு மஞ்சள் ஸ்வெட்டர். நீங்க பார்த்தது என்ன கலர்?

பழைய கிளார்க்:
கலர் எனக்கு நினைவில்லை. இடுப்பில் குழந்தை இருந்தது நினைவிருக்கிறது. நாலு பிள்ளைகள் இருந்ததும் நினைவிருக்கிறது.

அரவேணு அம்மா:
கலர் தெரியாது, முகம் தெரியாது, ஆனா பெத்தவ மனசுல இருக்கற தைரியம் மட்டும் பெஞ்சுல உட்கார்ந்தே தெரிஞ்சுடுச்சு. நல்ல பேரேடு.

பண்ணைக்காடு காபி:
நான் பழனி மலைப் பக்கம். இங்கயும் இந்தக் கூத்துதான். பெங்களூர்லேருந்தும் சென்னையிலேருந்தும் வந்து கொடைக்கானலைச் சுத்தி வீடு எடுத்துத் தங்குறாங்க. பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கறாங்க. மூணு, நாலு, அஞ்சு பிள்ளை. கேட்டா இயற்கை, சுதந்திரம், அண்ணன் தம்பி பாசம். அந்த வீட்டுல துணி துவைச்சு, சோறாக்கி, நாலையும் குளிப்பாட்டி விடறது எங்க ஊர்ப் பொண்ணு. அதுக்கு ஒரே ஒரு பிள்ளை. ரெண்டாவது பெத்தா கட்டுப்படி ஆகாதுன்னு நிறுத்திருச்சு. அவங்க நாலு பெத்துக்கறதுக்குக் காரணம் பாசமும் இல்ல, மூத்த பொண்ணும் இல்ல. சம்பளத்துக்கு ஆள் கிடைக்குது. அவ்வளவுதான்.

அரவேணு அம்மா:
எங்க வீட்டுல சம்பளத்துக்கு ஆள் கிடையாது. என் பிள்ளைங்க மூணு பேரும் அரசுப் பள்ளிக்கூடம் போறாங்க. நான் படிச்ச அதே பள்ளிக்கூடம். என் வகுப்புல உட்கார இடம் இருக்காது. இப்போ ரெண்டு வகுப்பை ஒண்ணா உட்கார வெச்சு ஒரே டீச்சர் நடத்தறாங்க. என் பிள்ளைங்க போகலைன்னா அதுவும் மூடிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

2001 கணக்கெடுப்புல நீலகிரி ஜனத்தொகை 7,62,141. 2011ல 7,35,394. நாடு முழுக்க ஏறுது, நம்ம மாவட்டம் இறங்குது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. இருக்கற ஜனம் அப்படியே நிக்கணும்னாக்கூட 2.1 வேணும். என் நாலுனால எந்த மலையும் சரிஞ்சு விழாது.

பண்ணைக்காடு காபி:
நீலகிரியில ஜனம் குறைஞ்சது பிள்ளை பெறாததால மட்டுமா? உங்க ஆளுங்க திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிட்டாங்க. பச்சைக் கொழுந்துக்கு கிலோ 33 ரூபா 50 காசு குடுங்கன்னு சிறு விவசாயிங்க பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தது மறந்து போச்சா? அரை ஏக்கர் தேயிலையை நாலாப் பிரிச்சா ஒருத்தனுக்கு எத்தனை செடி வரும்? பெத்து வெச்சாலும் நாளைக்கு அதுங்களும் மலை இறங்கும்.

அரவேணு அம்மா:
இறங்கட்டும். நாலு பேர் இறங்கினா ஒருத்தர் திரும்பி வருவாங்க. நான் வந்திருக்கேன்ல?

கொடைக்கானல்காரங்க நீலகிரிக்கு அறிவுரை சொல்றதுதான் தாங்கல. இ-பாஸ் இழையிலயும் நீங்க இப்படித்தான். 2024 மே மாசத்துலேருந்து ஐகோர்ட் ரெண்டு மலைக்கும் சேர்த்துத்தான் வர்ற வண்டிங்களுக்கு இ-பாஸ் போட்டுச்சு. ஊட்டிக்கு மட்டும் வெச்சா போதும், எங்களுக்கு வேண்டாம்னு எழுதினது நீங்கதானே?

பண்ணைக்காடு காபி:
எழுதினேன், இப்பவும் சொல்றேன். ஊட்டிக்கு வர்ற அளவு வண்டி எங்களுக்கு வராது. 2025ல கோர்ட்டே வார நாள்ல உங்களுக்கு நாள் ஒண்ணுக்கு 6000 வண்டி, எங்களுக்கு 4000னுதானே எல்லை வெச்சது? அதுக்கும் நாலு பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாதப்ப பழைய பகையை எடுக்கறீங்க.

மூத்தவள்:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நான் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. எங்க வீட்டுல அஞ்சு பேர், நான் மூத்தவ. கடைசித் தம்பி பிறந்தப்ப எனக்கு ஒன்பது வயசு. பூண்டு எடுக்கற காலத்துல அம்மாவும் அப்பாவும் விடியறதுக்கு முன்னாடி காட்டுக்குப் போயிடுவாங்க. தொட்டிலை ஆட்டிக்கிட்டே வாய்ப்பாடு படிச்சேன். பல நாள் பள்ளிக்கூடம் போகல. தம்பி இன்னிக்கு என்மேல உசுரா இருக்கான், நானும் அப்படித்தான். அம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா யாரும் என்னைக் கேக்கல.

அரவேணு அக்கா, படிக்கட்டு வரைக்குமா குளம் வரைக்குமான்னு நான் கேக்கல. நாலாவது வேணும்னு முடிவு பண்ணினப்ப உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

அரவேணு அம்மா:
படிக்கட்டு வரைக்கும்தான். அதை முதல்ல எல்லாரும் ஒத்துக்கணும். ஒரு பொய்யை வெச்சு ஒருத்தர் ஆரம்பிக்கறார், அதுமேல நீங்க எல்லாரும் வீடு கட்டறீங்க.

உங்க கஷ்டம் எனக்குப் புரியுது தங்கச்சி. ஆனா உங்க அம்மாவுக்கு வேற வழி இல்லாம இருந்திருக்கும். எங்களுக்கு இருக்கு. என் பொண்ணு தம்பியைத் தூக்கறது அவளுக்குப் பிடிச்சிருக்கறதால. பிடுங்கினா அழறா.

மூத்தவள்:
எனக்கும் பிடிச்சிருந்தது அக்கா. பிடிச்சிருந்ததுன்னுதான் எங்க அம்மாவும் சொல்வாங்க.

கூடலூர் பேரன்:
இந்தக் கேள்விக்கு அக்கா பதில் சொல்லல.

பழைய கிளார்க்:
சொல்ல மாட்டார்கள். குளத்துக்கும் சொல்லவில்லை.

அரவேணு அம்மா:
கிளார்க் ஐயாவுக்கு நான் மூணு தடவை சொல்லிட்டேன். குளம் இல்ல.

ரெண்டு பிள்ளைக்கு மேல பெத்தவளுக்கு இந்த நாட்டுல என்ன கிடைக்குதுன்னு யாராவது பேசறீங்களா? 2017 சட்டத் திருத்தத்துல பேறுகால விடுப்பு முதல் ரெண்டுக்கு 26 வாரம், மூணாவதுக்கு 12 வாரம். பன்னெண்டு வாரத்துல பால் குடிக்கற பிள்ளையை வெச்சுட்டு லாகின் பண்ணினவ நான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாயும் முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். மூணாவது பிள்ளைக்குப் பசி கம்மியா? தர்மபுரி ஆசிரியை வழக்குல 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, பேறுகால விடுப்பு பிள்ளை பெறும் உரிமையோட பகுதின்னு. அந்தம்மாவுக்கு மூணாவதுன்னு விடுப்பு மறுத்தது செல்லாதுன்னு தீர்ப்பு.

பண்ணைக்காடு காபி:
அந்த வழக்கு வேற. அவங்களுக்கு முதல் ரெண்டும் முன்னாடி கல்யாணத்துல பிறந்தது. மறுமணத்துக்கு அப்புறம் பிறந்த பிள்ளைக்குத்தான் விடுப்புக் கேட்டாங்க. உங்க நாலையும் அந்தம்மாவோட சேர்க்காதீங்க.

இன்னொண்ணு கேக்கறேன். 2024 அக்டோபர்ல கல்யாண மேடையில மு.க.ஸ்டாலின் பதினாறு பிள்ளைன்னு பேசினாரே, அதைக் கேட்டுட்டுத்தான் இந்த வேகமா? ஜனத்தொகைப்படி தொகுதி மறுவரையறை வந்தா நம்ம 39 எம்.பி. தொகுதி குறையும்னு பயம். அதுக்கு நீங்க பெத்துக் குடுத்துக் காப்பாத்தப் போறீங்களா?

அரவேணு அம்மா:
என் மூத்தவளுக்குப் பத்து வயசு. அவர் பேசினப்ப மூணு பேர் பிறந்தாச்சு. எந்த மேடைப் பேச்சைக் கேட்டும் நான் பெத்துக்கல. 1976லயும் 2001லயும் அரசியல் சட்டத்தைத் திருத்தி 1971 கணக்குப்படியே தொகுதி எண்ணிக்கையை நிறுத்தி வெச்சது எனக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செஞ்ச மாநிலத்துக்கு அதனால தண்டனை வரக்கூடாதுன்னுதான் அப்படி வெச்சாங்க. அது டெல்லிப் பேச்சு. என் வீட்டுப் பேச்சு வேற.

பழைய கிளார்க்:
அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்தது எங்கள் தலைமுறை. இன்று டெல்லியில் அதைச் சொல்லித்தானே வாதாடுகிறார்கள்? எங்கள் பேரேடு இல்லையென்றால் இந்த வாதமே இல்லை.

கூடலூர் பேரன்:
ஐயா, உங்க பேரேட்டைப் பத்தி ஒண்ணு கேக்கணும். அதுல பேர் இருந்த பெண்கள்ல ஒருத்தராவது தானா வந்து சேர்ந்தாங்களா, இல்ல கங்காணி சொல்லிச் சேர்த்தாரா? எங்க அப்பாயிகிட்ட யாரும் எதுவும் கேட்டதே இல்ல. பெத்துக்கோன்னும் கேக்கல, நிறுத்திக்கோன்னும் கேக்கல.

பழைய கிளார்க்:
கைநாட்டு வாங்கித்தான் சேர்த்தோம்.

கூடலூர் பேரன்:
கைநாட்டு வாங்கறது கேக்கறதா?

நெறியாளர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். இ-பாஸ் பற்றிய பதிவுகளை அதற்குரிய இழைக்கு மாற்றுகிறேன். குழந்தைகளின் ஸ்வெட்டர் நிறம் போன்ற அடையாளங்களை இங்கே எழுதாதீர்கள்.

அரவேணு அம்மா:
என் பொண்ணைப் பத்தி முதல்ல எழுதினது யாரு? அவரை விட்டுட்டு எனக்கு எச்சரிக்கையா? அந்தக் குளத்துப் பதிவு இன்னும் அந்த இழையில அப்படியே இருக்கு. அதை முதல்ல எடுங்க.

பழைய கிளார்க்:
எடுக்க வேண்டாம். நான் பார்த்ததை எழுதினேன்.

மூத்தவள்:
அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா அக்கா?

பண்ணைக்காடு காபி:
நெறியாளரே, இ-பாஸ் பதிவை மாத்தினா என் பதிலையும் சேர்த்து மாத்துங்க. அவங்களோடது மட்டும் போய் நின்னா நான் ஓடிப் போயிட்டேன்னு சொல்வாங்க.