ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீடு: சாமான்களை எப்படி அடுக்குவது?

வேளச்சேரிவாசி:
சென்னை வேளச்சேரியில் 420 சதுர அடி வீடு, தரைத்தளம். ஒரு பெட்ரூம், ஹால், ஒடுங்கிய சமையலறை. நாங்கள் மூன்று பேர். சுவரில் ஆணியோ டிரில்லோ கூடாது என்று ஓனர் அக்ரிமென்ட்டிலேயே போட்டுவிட்டார். கதவில்லாத சிமென்ட் அலமாரி ஒன்று, மேலே ஒரு பரண், இவ்வளவுதான் வசதி. எதை வாங்கினாலும் கழற்றி அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போக முடிய வேண்டும். ஜிப் வைத்த துணி வார்ட்ரோப் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா? ஒட்டும் கொக்கி, கதவில் மாட்டும் கொக்கி இதெல்லாம் தாங்குமா?

நட்டுபோல்ட்:
துணி வார்ட்ரோப் வேண்டாம் சார். குழாய்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் மூட்டுதான் அதில் முதலில் விரியும். நாலு ஜீன்ஸ் தொங்கினாலே கம்பி நடுவில் வளைந்து, கூடு மொத்தமும் ஒரு பக்கம் சாயும். கழற்றி மாட்டிய பிறகு மூட்டு பழையபடி இறுகாது. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலமாரிக்கும் இதே கதிதான்: திருகு பிடித்த இடம் பொடிந்துவிடும்.

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் ஒன்று போடுங்கள்; வரிசையாகத் துளை போட்ட இரும்புக் கால்களில் தட்டுகளை போல்ட் போட்டுப் பூட்டும் ரேக் அது. கால் 14 கேஜ், தட்டு 20 கேஜ் என்று கேட்டு வாங்குங்கள். கேஜ் என்பது தகட்டின் தடிமனைச் சொல்லும் எண்; அது ஏற ஏறத் தகடு மெலியும். 24 கேஜ் தட்டு அரிசி மூட்டைக்குத் தொய்ந்துவிடும். உயரம் ஆறரை அடி, ஐந்து தட்டு.

ரேக் வாங்கும் முன்பே அதில் வைக்கும் பெட்டியை முடிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் பெரும்பாலும் 600 × 400 மி.மீ. கடையில் சாதாரணமாகத் தரும் 15 அங்குல ஆழத் தட்டு 381 மி.மீ.தான், கிரேட் வெளியே துருத்தும். 18 அங்குல ஆழம் கேளுங்கள். அகலம் 3 அடி என்றால் கிரேட் நீளவாக்கில் ஒன்றுதான் நிற்கும்; 4 அடி என்றால் 1219 மி.மீ., இரண்டு பக்கத்தில் பக்கம் உட்காரும். 4 அடித் தட்டுக்கு அடியில் நடுப்பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் மூலைக்கு இரண்டு வீதம் 40 போல்ட், உடைந்தால் மாற்ற ஐந்தாறு உபரி. ரேக் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூலைத்தகடு (காலும் தட்டும் சேரும் இடத்தை இறுக்கும் சின்னத் தகடு) போடாததுதான். மேல்தட்டுக்கு 4, அடித்தட்டுக்கு 4 போடச் சொல்லுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகி நிமிர்த்துங்கள். பின்பக்கத்தில் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் கோணல் அப்படியே நிலைத்துவிடும். காலுக்கு ரப்பர் ஷூ அவசியம். இல்லாவிட்டால் துடைக்கிற தண்ணீரில் துருக்கறை தரையில் ஊறும், அதை அட்வான்ஸில் கழிப்பார்கள். சுவரைத் தொடாமல் பிடிமானம் வேண்டுமென்றால் ரேக்கை ஜன்னல் ஓரம் நிறுத்தி, பின்காலைக் கிரில்லோடு கேபிள் டையால் கட்டுங்கள்.

அடுக்களை:
ஒட்டும் கொக்கி டைல்ஸிலும் கண்ணாடியிலும் பிடிக்கும். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு விழும். எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எதையும் மாட்ட வேண்டும். அட்டையில் எழுதிய கிலோவில் பாதியோடு நிறுத்துங்கள். கழற்றும்போது ஒட்டுப்பட்டையின் வாலை நம் பக்கம் இழுக்காமல், சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள்.

கதவுக் கொக்கிக்கு இரண்டு அளவு: கதவின் தடிமன், கதவுக்கும் மேல்நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி. கொக்கித் தகட்டின் தடிமனைவிட இடைவெளி கூட இருக்க வேண்டும். வெயிலில் சரியாக மூடிய மரக்கதவு மழைக்காலத்தில் ஊதி இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒல்லி டிராலி விற்கிறார்கள். இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பலவற்றுக்குச் சூடு பக்கத் தகடு வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்த இடைவெளியை அடைத்தால் கரன்ட் பில் ஏறும், டிராலியில் உள்ள வெங்காயமும் அழுகும். சக்கர டிராலியை மேடைக்கு அடியில் விடுங்கள், கனமானது கீழ்த்தட்டில். சிலிண்டரை மட்டும் எதற்குள்ளும் ஒளிக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்கட்டும்.

வேளச்சேரிவாசி:
நன்றி. கட்டிலுக்கு அடியிலும் ஏதாவது வைக்கலாம் என்று எண்ணம். பட்டுப்புடவை, சர்டிபிகேட் எல்லாம் எங்கே போகும்?

நட்டுபோல்ட்:
கட்டிலின் உயரத்தை மெத்தையிலிருந்து அளக்காதீர்கள். பக்கச் சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை எவ்வளவோ, அதில் ஓர் அங்குலம் கழித்துப் பெட்டி வாங்குங்கள். சக்கரத்தின் உயரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆனால் தரைத்தளம், அதுவும் வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் அந்தப் பக்கம் என்ன ஆனது என்று தெரியும். கட்டிலடியில் செருப்பு, வாளி, பிளாஸ்டிக் சாமான் போதும். சர்டிபிகேட், பத்திரம் எல்லாம் ரப்பர் விளிம்பு வைத்த மூடிப் பெட்டியில், ரேக்கின் மேல்தட்டுக்கு. கீழ்த்தட்டையும் தரையிலிருந்து 9 அங்குலம் தூக்கியே பூட்டுங்கள்.

அடுக்களை:
பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை நேரடியாகப் பட வேண்டாம். கண்ணாடி போலப் பளபளக்கும் டப்பாவில், அதாவது அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால், உருண்டை பட்ட இடம் இளகி ஒட்டிக்கொள்ளும். 5 போட்ட டப்பா வாங்குங்கள்.

கதவில்லாத அலமாரிக்கு ஸ்பிரிங் கம்பியில் திரை போதும். இடைவெளியைவிட இரண்டு செ.மீ. நீட்டி வைத்து, அமுக்கி நுழைக்க வேண்டும். அதில் ஹேங்கர் மாட்டினால் வழுக்கி இறங்கும், திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.