வீரப்பன் காலத்தில் தாளவாடி, சாமராஜநகர் பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்

திம்பம் தம்பி:
2000 ஜூலை 30 ராத்திரி தொட்டகாஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தோட்டம் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். "அவரையே தூக்கிட்டான்னா நாமெல்லாம் எந்த மூலைக்கு?" என்றார் அப்பா.

எங்களைக் கடத்தி அவனுக்கு என்ன கிடைக்கும்? ஆனாலும் அடி எங்களுக்குத்தான் விழுந்தது. அந்த வருடம் முட்டைக்கோஸ் போட்டிருந்தோம். லாரிக்காரர், "இருட்டினா திம்பம் இறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். 27 கொண்டை ஊசி வளைவு, அவரையும் குறை சொல்ல முடியாது. ராத்திரியே கிளம்ப வேண்டிய லோடு மறுநாள் வெயிலில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது மேல் இலை பழுத்திருக்கும். மண்டியில் பாதி விலை. மீதியை மாடு தின்றது.

இன்னொன்று, அரிசி. பையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அரிசி யாருக்கு?" என்று வழியில் போலீஸ்காரர்கள் அம்மாவை நிறுத்தினார்கள், காட்டுக்குள் அவனுக்குப் போகிறதோ என்று சந்தேகம். வீட்டில் இருக்கிற ஆறு பேரையும் பெயர் பெயராகச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். அப்புறம் அம்மா ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கியதே இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை பஸ் காசு.

குவாரி கணக்கர்:
நான் தொண்ணூறுகளில் சாமராஜநகர் பக்கம் ஒரு கருங்கல் குவாரியில் கணக்கு எழுதினேன். குவாரி முதலாளிகளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பணம் கேட்ட காலம். எங்கள் முதலாளி காரை விட்டுவிட்டு, லுங்கி கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். பிறகு அதுவும் நின்றது. சனிக்கிழமைக் கூலிப் பணத்தை யார் எடுத்து வருவது? மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் கூலி. தர்மபுரியிலிருந்து வந்த கல் உடைக்கிற குடும்பங்கள் சட்டி பானையோடு கிளம்பின. அவர்களை நம்பியிருந்த டீக்கடையும் மூடியது. 2002-இல் காமகெரே வீட்டிலிருந்து கடத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் நாகப்பா டிசம்பரில் பிணமாகக் கிடைத்தார். அதற்குப் பிறகு கொஞ்சம் வசதி இருந்தவர்கள்கூட ஊரில் தங்கவில்லை, டவுனுக்குப் போய்விட்டார்கள்.

இஸ்திரிக்கடை:
நாங்கள் பெங்களூரு. ராஜ்குமார் விடுதலையான நவம்பர் 15 வரை, 108 நாளும் கடைப் பலகையில் தமிழ் எழுத்தின் மேல் ஒரு சாமி காலண்டர் தொங்கியது. தமிழர்களைத் தாக்கிய 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர் அப்பா. ரேஷன் கார்டையும் சேமிப்புப் பணத்தையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார்.

திம்பம் தம்பி:
கணக்கர் அண்ணே, நீங்கள் சொன்னதும் ஞாபகம் வருகிறது. என் அக்காவுக்குச் சத்தியமங்கலத்தில் பேசி வைத்த சம்பந்தம் நின்றுபோனது. "பொண்ணு நல்ல பொண்ணுதான், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அந்தக் காட்டுக்குள்ள யாரு வர்றது?" என்றார்கள். நாலு வருடம் கழித்துத்தான் கல்யாணம் ஆனது.

2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி பக்கம் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாதமே எங்கள் வேலியோரம் ஒரு புரோக்கர் வந்து நின்றார். ரிசார்ட் கட்ட இடம் வேண்டுமாம்.