மறுமொழி: ‘ஒஸ்ட்ரகிஸ்மோஸ்’ என்பதற்கு ‘ஊர்விலக்கு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களே, பழங்கால ஏதென்ஸில் மக்கள் பானைத் துண்டில் பெயர் எழுதி வாக்களித்து ஒருவரை நகரைவிட்டு வெளியே அனுப்பிய வழக்கம்தான் ஒஸ்ட்ரகிஸ்மோஸ். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> ‘நாடு கடத்தல்’ என்றே போட்டுவிடலாமே, பழகிய சொல். இல்லையென்றால் ‘ஊர்விலக்கு’.

ஐயா, இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நாடு கடத்தல் என்றால் குற்றச்சாட்டு இருக்க வேண்டும், விசாரணை இருக்க வேண்டும். ஏதென்ஸில் நடந்த இந்த வழக்கத்தில் அவை எதுவுமே கிடையாது. இந்த ஆண்டு நடத்தலாமா என்று மக்கள் மன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு முறை கேட்பார்கள். சரி என்று முடிவானால் அப்புறம் ஒரு நாள் அகோரா சந்தைவெளியை வேலி போட்டு அடைத்து, பத்து குலங்களுக்கும் பத்து வாசல் விடுவார்கள். உடைந்த பானைத் துண்டில் ஒரு பெயரைக் கீறிக்கொண்டு வந்து, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். 6000 துண்டுகளாவது சேராவிட்டால் அந்த ஆண்டு யாரும் போக வேண்டியதில்லை. சேர்ந்தால், அதிகம் பெயர் வந்தவர் பத்து நாளுக்குள் கிளம்பிவிட வேண்டும். பத்து ஆண்டு திரும்பக் கூடாது, அவ்வளவுதான். நிலமும் வீடும் வருமானமும் அவருடையவையே. பெண்டாட்டி பிள்ளைகள் அங்கேயே இருக்கலாம்.

‘ஊர்விலக்கு’ இதற்கு நேர் எதிர். நம் பக்கத்தில் ஊர்விலக்கு வைத்தால் அந்தக் குடும்பம் ஊருக்குள்ளேயே இருக்கும். கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, கடையில் சாமான் கிடைக்காது, நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். இன்றும் அந்தக் கொடுமையை அனுபவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் வலியை மழுங்கடிக்க எனக்கு மனமில்லை. ஏதென்ஸில் விலக்கப்பட்டவருக்கு மானக்கேடு இல்லை. ஸாந்திப்பஸ் கி.மு. 484-லும் அரிஸ்டைடிஸ் 482-லும் வெளியே அனுப்பப்பட்ட தலைவர்கள். 480-இல் பாரசீகப் படை வந்தபோது இருவரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே பாரசீகருக்கு எதிரான போர்களில் முன்னவர் மிக்காலேயில் ஏதென்ஸ் கப்பற்படைக்கும், பின்னவர் பிளாட்டியாவில் அதன் தரைப்படைக்கும் தலைமை தாங்கினார்கள்.

> ஓடு + விலக்கு = ஓட்டுவிலக்கு. கிரேக்க மூலத்திலும் ஓடுதானே இருக்கிறது?

அம்மா, புணர்ச்சி சரிதான், மூலத்துக்கும் நெருக்கம். ஆனால் இன்றைக்கு இதைப் படிக்கிற யாரும் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். போனவர் குடியுரிமையை இழக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கத்தின் உயிர்.

என் பரிந்துரை ‘சில்லு’. பாண்டி ஆட, உடைந்த பானை ஓட்டை எடுத்து ஓரத்தைத் தேய்த்து வைத்துக்கொள்வோமே, அந்தச் சில்லு. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றுக்குள் 190 சில்லுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் இருந்த பெயர் தெமிஸ்டாக்ளிஸ் என்ற அரசியல் தலைவருடையது, கையெழுத்தோ 14 பேருடையது. விநியோகிக்க முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். நிறையச் சில்லுகள் கிண்ணங்களின் அடிப்பாகம். வட்டமாக, உள்ளங்கையில் அடங்குகிறவை. படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாண்டிச் சில்லுதான் நினைவுக்கு வந்தது.

அரசியலுக்கு மட்டும் பயன்பட்டதல்ல அது. காசு கொடுத்து வாங்க வேண்டாத துண்டுக் காகிதம். தோட்டக் கதவின் வாசற்படிக்கு அடியில் ரம்பத்தை வைத்துவிடு என்று ஒருவர் கீறிய சில்லும் அகோராவில் கிடைத்திருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் வீட்டுச் சேதி. ஆகவே பானைத் துண்டைக் குறிக்கும் ஒஸ்ட்ரகோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘எழுத்துச்சில்லு’, அந்த வாக்கெடுப்புக்குச் ‘சில்லெடுப்பு’, அதன் விளைவுக்குச் ‘சில்லு விலக்கம்’ என்று வைக்கலாம்.

கீழடியில் வழங்கும் ‘பானையோடு’ ஏன் கூடாது என்று கேட்பீர்கள். ‘ஆதன்’ போன்ற பெயர்கள் பானை முழுசாக இருந்தபோது உடையவர் எழுதியவை என்று கருதப்படுகிறது; பானை பிறகு உடைந்தது. ஏதென்ஸில் முதலில் உடைந்தது, பிறகு எழுதினார்கள். இந்த வேறுபாட்டைச் சொல்லிலேயே காட்ட முடிந்தால் நல்லது. குடவோலையை இதற்குள் கொண்டுவர வேண்டாம். அது பொறுப்புக்கு ஆள் எடுக்கும் குலுக்கல்.

அன்புடன்.

––––

வணக்கம்.

சில்லெடுப்பு நன்றாக இருக்கிறது, வாக்கெடுப்பு பழகிய காதுக்கு உடனே ஒட்டுகிறது. ஒரு தடை மட்டும்: கணினிக்காரர்கள் ‘சிப்’ என்பதற்குச் ‘சில்லு’ என்ற சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்களே?

––––

உண்மைதான். ஆனால் அவர்களும் நம் பாண்டியிலிருந்துதானே எடுத்தார்கள்? ‘எழுத்துச்சில்லு’ என்று அடையோடு சொன்னால் குழப்பம் வராது. எனக்கு இன்னும் சிக்காதது ஒன்றுதான்: அப்படிப் போன ஆளை எப்படிச் சொல்வது? ‘விலக்கப்பட்டவர்’ என்றால் மறுபடி மானக்கேடு ஒட்டிக்கொள்கிறது. ‘சில்லேறியவர்’ என்று எழுதிப் பார்த்தேன், திருப்தி இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.