மட்டிக் கூடையும் கையுறையும்

கடலோரத்தான்:
வான்கூவரில் ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பழைய பதிவு அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலை. போன கோடையில் கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகளான க்வாக்வகவாக் இனத்துப் பெண் ஒருத்தி இன்டர்னாக வந்தாள். இருபது வயதுதான் இருக்கும். ஊர் அலர்ட் பே, ஆனால் வளர்ந்ததெல்லாம் நகரத்தில்.

ஒருநாள் சிடார் மரத்தின் விளாரில் பின்னிய கூடை ஒன்று மேசைக்கு வந்தது. அட்டையில் 'கூடை, சிடார்' என்பதோடு சரி. விரல் நுழையும் அளவுக்குப் பின்னலில் இடைவெளி. "அரைகுறையா விட்டுட்டாங்களோ?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பாட்டிக்கு வீடியோ கால் போட்டாள். பார்த்ததுமே பாட்டி சிரித்துவிட்டார். மட்டிச் சிப்பி பொறுக்கும் கூடையாம். அப்படியே கடலில் முக்கி அலசினால் மணலும் தண்ணீரும் ஓடிவிடும், மட்டி மட்டும் நிற்கும். வீட்டில் அரிகூடையைத் தினம் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்குத் தோன்றவே இல்லை!

பாட்டி அதற்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் சொன்னார். பேத்திக்கு வாயில் நுழையவில்லை. நாலு முறை சொல்லவைத்து, காதில் விழுந்தபடி பென்சிலால் குறித்துக்கொண்டாள். அப்புறம் பாட்டி, "இன்னும் கடல் வாசம் அடிக்குதா, மோந்து பாரு" என்றார். அவள் குனிந்ததும் பதறிப்போய்த் தடுத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க இந்த மாதிரிப் பொருள்களுக்கு அந்தக் காலத்து அருங்காட்சியகங்களில் ஆர்சனிக் நஞ்சு போடுவதுண்டு. கையுறை போடுவதே அதற்காகவும்தான்.

"வாசம் போயிடுச்சு பாட்டி" என்று மட்டும் சொன்னாள்.

ஊர்சுற்றி:
அலர்ட் பேக்கு நான் போயிருக்கிறேன். போர்ட் மெக்னீலிலிருந்து படகு. அங்கே ஊர்க்காரர்களே நடத்தும் உமிஸ்டா பண்பாட்டு மையம் 1980இல் திறந்தது. பகையாளிகள் பிடித்துப் போனவர்கள் வீடு திரும்புவதைத்தான் முன்பு உமிஸ்டா என்பார்களாம்.

பொட்லாட்ச் என்ற அவர்களுடைய கொடை விருந்தைக் கனடா 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. மீறி 1921இல் ஒரு பெரிய விருந்து நடந்தது. கலந்துகொண்டவர்கள் மேல் வழக்கு. முகமூடி, செப்புத் தகடு எல்லாவற்றையும் ஒப்படைத்தால் சிறைத் தண்டனை இல்லை என்று மிரட்டி வாங்கினார்கள். கொடுக்காதவர்கள் உள்ளே போனார்கள். பொருள்கள் ஒட்டாவா, டொராண்டோ, நியூயார்க் என்று சிதறின.

அவற்றில் ஊருக்குத் திரும்பி வந்தவை உமிஸ்டா மையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. ஏன் என்று கேட்டேன். "பூட்டி வச்சது போதாதா?" என்றான் சுற்றிக் காட்டிய பையன். கோடை வேலைக்கு வந்தவன். இதில் ஒன்று எங்கள் குடும்பத்தது என்றான், எது என்று காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

கடலோரத்தான்:
கேட்காததே நல்லது. எங்கள் இன்டர்ன் இப்போது ஊரில்தான் இருக்கிறாள், கூடை பின்னப் பழகுகிறாள். போன வாரம் படம் அனுப்பினாள். அடி கொஞ்சம் கோணல். பாட்டி ரெண்டு தடவை பிரிக்கச் சொல்லிவிட்டாராம்.