போனஃபைட், இன்டர்னல், அரியர்... ஃபர்ஸ்ட் இயர்ல யாரும் சொல்லித்தராத சமாச்சாரம், உங்க அனுபவம் சொல்லுங்க

தம்பி இந்த வருஷம் கவுன்சிலிங்ல இன்ஜினியரிங் சேர்ந்திருக்கான், அண்ணா யூனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். மொத வாரமே ஃபோன் பண்ணி "அக்கா, லோனுக்கு போனஃபைட் வேணுமாம், எந்த கடைல கிடைக்கும்"னு கேக்குறான். ஆபீஸ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுடா, நீ அங்கதான் படிக்கிறேன்னு சீல் வச்சு தருவாங்கன்னு சொன்னேன். ஆனா மத்ததெல்லாம் எனக்கே தெரியல, படிச்சவங்க வந்து சொல்லுங்க.

மெக் பையன்:
மொதல்ல தம்பிக்கு எந்த ரெகுலேஷன்னு (அந்தந்த பேட்ச்சுக்கு யூனிவர்சிட்டி போடுற சிலபஸ், மார்க் ரூல்ஸ்) கேளுங்க, அது தெரியாம சீனியர் பேச்ச நம்பக்கூடாது. எங்க சீனியருங்க 2017 ரெகுலேஷன், காலேஜ்லயே போடுற இன்டர்னல் மார்க் 20, செமஸ்டர் எக்ஸாம் 80. அதனால "இன்டர்னல்லாம் சும்மாடா, செமஸ்டர்ல பாத்துக்கலாம்"னு சொல்லுவாங்க, அவங்களுக்கு அது சரிதான். நாங்க 2021, தியரிக்கு 40-60 ஆயிடுச்சு, இன்டர்னல்ல கோட்டை விட்டா எந்திரிக்கவே முடியாது. அதுக்காக இன்டர்னல் மட்டும் போதும்னும் இல்ல. என் ரூம்மேட்டுக்கு 40க்கு 36 இருந்துச்சு, ரிசல்ட் பாத்தா அரியர், அதாவது பேப்பர் ஃபெயில், பய நம்பவே இல்ல, விடைத்தாள் ஃபோட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணி வாங்கிப் பாத்தா செமஸ்டர்ல 100க்கு 41. அத 60க்கு மாத்தினா கிட்டத்தட்ட 25, 36ஓட கூட்டிப்பாத்தா 61 வருது, பாஸுக்கு 50 போதும், அப்புறம் ஏன் ஃபெயில்னா செமஸ்டர் பேப்பர்ல தனியா 45 சதவீதம் எடுக்கணும்னு ஒரு கண்டிஷன் இருக்கு, அத ஒருத்தரும் கிளாஸ்ல சொல்லல.

அப்புறம் பேப்பர திரும்பத் திருத்தச் சொல்ற ரீவேல்யூவேஷன் நேரா போட முடியாது, ஃபோட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணவங்க மட்டும்தான் போடலாம். கொஞ்ச நாள்தான் டைம் குடுப்பாங்க, ஊர்ல லீவுல இருக்கும்போது அந்த டேட் போயிடும்.

ஃபைனல் இயர் பொண்ணு:
அரியர்ல ரெண்டு வகை இருக்கு. இப்ப கையில நிக்கிறது ஸ்டாண்டிங் அரியர். கிளியர் பண்ணிட்டாலும் ஒரு காலத்துல வச்சிருந்தா அது ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ். பிளேஸ்மெண்ட் ஃபார்ம்ல ரெண்டையும் தனித்தனியா கேப்பாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தி தேர்டு செம்ல ஒரே ஒரு மேக்ஸ் அரியர் வச்சு அடுத்த அட்டெம்ப்ட்லயே கிளியர் பண்ணிட்டா, ஒரு கம்பெனி "நோ ஹிஸ்டரி"ன்னு போட்டுட்டான், டெஸ்ட் எழுதவே விடல. எல்லா கம்பெனியும் அப்படி இல்ல, நிறைய பேர் ஸ்டாண்டிங் இல்லன்னா விட்டுடுவாங்க. டிஸ்டிங்ஷனுக்கும் இதே கதைதான், சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேத்து பத்துக்கு வர்ற சராசரி) 8.5 இருந்தா மட்டும் பத்தாது, எல்லா பேப்பரும் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்ல பாஸ் ஆயிருக்கணும்.

ஈசிஇ காரன்:
அட்டெண்டன்ஸ யாரும் சொல்லலியா? 75 இருந்தா பிரச்சனை இல்ல. 65லேந்து 75க்குள்ள இருந்தா மெடிக்கல் சர்டிஃபிகேட் குடுத்து கண்டோனேஷன் (குறைஞ்ச அட்டெண்டன்ஸுக்கு விலக்கு) வாங்கலாம், 65க்கு கீழ போனா எக்ஸாமே எழுத முடியாது, அந்த செமஸ்டர திரும்பப் படிக்கணும். எனக்கு டெங்கு வந்து படுத்துட்டேன், 71ல நின்னுச்சு. வீட்ல "கண்டோனேஷன் கட்டணும்"னு சொன்னதும் அப்பா "டொனேஷன் இல்லாத காலேஜ்னுதானடா சேத்தோம்"னு சண்டைக்கே கிளம்பிட்டார் 😂 ஒரு விஷயம், டிஸ்சார்ஜ் ஆகும்போதே சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, ரெண்டு மாசம் கழிச்சு போய் கேட்டா டாக்டர் ஒரு மாதிரி பாப்பாரு.

மெக் பையன்:
கிரெடிட்ட மறந்துட்டேன், ஒரு பாடத்துக்கு எவ்வளவு வெயிட்டுன்னு சொல்ற நம்பர் அது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ்னா 1 கிரெடிட், லேப்னா ரெண்டு மணி நேரத்துக்கு 1. அதனால 4 கிரெடிட் மேக்ஸ்ல கிரேடு போச்சுன்னா ஜிபிஏ (அந்த செமஸ்டர் சராசரி) அடிவாங்கும், 2 கிரெடிட் லேப்ல டாப் கிரேடான ஓ வாங்கி அத ஈடுகட்ட முடியாது. எதுல உக்காந்து படிக்கணும்னு சிலபஸ்ல கிரெடிட் எவ்வளவுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும். பர்சன்டேஜ் கேட்டா சிஜிபிஏவ பத்தால பெருக்கிச் சொல்லலாம். சிலபஸும் எக்ஸாமும் தானே நடத்துற ஆட்டோனமஸ் காலேஜ்னா இதுல பல கணக்கு மாறும்.

போஸ்ட் போட்ட அக்கா:
எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டேன், ரொம்ப தேங்க்ஸ். அதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துடுச்சு, "அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்டு நோட்டும் ஒன்னுதானே, ஏன் ரெண்டு வாங்கச் சொல்றாங்க"ன்னு. யாராச்சும் சொல்லுங்கப்பா, நான் பி.காம், லேப் பக்கமே போனதில்ல.