புதுப்பிப்பு: டியூஷன் மானிய மனு என்ன ஆனது?

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் நடத்தும் எங்கள் பகாவ் (மலேசியா) சங்கம் அரசு மானியத்துக்கு மனுப் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டோம், திரும்பி வந்துவிட்டது. தப்பு எங்கள் பக்கம்தான்: 1966 சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அனுப்ப வேண்டிய கணக்கை நாங்கள் அனுப்பவே இல்லை, ரசீதெல்லாம் பொருளாளர் வீட்டு மைலோ டின்னில் கிடந்தது (சிரிக்காதீர்கள்). மித்ராவுக்கு (மலேசிய இந்தியர்களுக்கான அரசு உதவிப் பிரிவு) 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கினாலும் கணக்கு இல்லாத சங்கத்துக்கு அதில் என்ன கிடைக்கும்?

சரி, இப்போது அனுப்பியாச்சு, மறுபடி மனுப் போடுகிறோம். நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டா என்று கேட்ட அண்ணனுக்கு: வருமான வரிச் சட்டம் 44(6) அனுமதி எங்களிடம் இல்லை, அதனால் கிடையாது. அப்புறம், வகுப்பு நிற்கவில்லை, கோயில் மண்டபத்தில் நடக்கிறது. ஒயிட்போர்டு மட்டும் இரவல்.